திக்கிப் பேசுவோர்க்கு ஒரு சபை

உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படும் திக்குவாய், அச்சத்தினாலோ அறிவுக்குறைவினாலோ விளைவதன்று. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்து, தொலைபேசியில் தம் பெயரைச் சொல்லவும் சங்கோசப்படும் அன்பர்கள், 2008-இல் தோன்றிய ‘தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷ’னின் சுயஉதவிக் குழுக்களில் சேர்ந்து, பரிகாசத்துக்கு இடமில்லாத சபையிலே, தம்மைப் போன்றோர் நடுவே நிதானமாகப் பேசிப் பழகலாம். அருகில் குழு இல்லையெனில், இணையவழிக் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். ஊரிலேயே இருவர் மூவராக வாரந்தோறும் கூடினும் அதுவும் ஒரு குழுவே. பேச்சுப் பயிற்சிச் சிகிச்சைக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அக்டோபர் 22 சர்வதேசத் திக்குவாய் விழிப்புணர்வு தினம். திக்குபவரின் வாக்கியத்தை நாம் முடித்துவைக்க வேண்டா. அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையுடன் கேட்போமாக!