பழைய குழாய்க்குப் புதிய அடுப்பு

“ஸ்டோரில் விறகு அடுப்பைக் கழற்றிட்டு பெல்லட் அடுப்பு வைக்கப் போறேன். சுவரில் ஓட்டை இருக்கு, உள்ளே குழாய் இருக்கு. அப்படியே மாட்டிடலாம்ல?” என்று ஏலத்தோட்டக்கார நண்பர் ஒருவர் கேட்டார். மாட்டலாம். ஆனால் ‘அப்படியே’ மாட்டக் கூடாது. டீ வருவதற்குள் பாதியும் குடித்து முடிப்பதற்குள் மீதியும் சொல்லிவிடலாம்.

பொட்டிபுரம், போடி பக்கம் வீடும் மலைமேல் தோட்டமுமாக இருப்பவர்களுக்கு ஏலக்காய் ஸ்டோர் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம். செடியிலிருந்து எடுத்த பச்சைக் காயில் ஈரம் 80 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதை 10, 12 சதவீதத்துக்கு இறக்க வேண்டும்; அதற்கான உலர்த்தும் அறைதான் ஸ்டோர். அடுப்பின் வாய் ஸ்டோருக்கு வெளியே. சூடான புகை சுவர் ஓட்டை வழியாக உள்ளே வந்து, தரையோரமாக ஓடும் பெரிய தகரக் குழாய்களுக்குள் சுற்றி, புகைபோக்கியில் ஏறி வெளியே போகும். குழாயின் சூட்டில் அறை சூடாகும். தட்டில் பரப்பிய காய் 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில், 24 முதல் 36 மணி நேரத்தில் காயும். புகைக்கும் காய்க்கும் நடுவில் இருப்பது அந்தத் தகரம் மட்டும்தான். புகைவாடை ஏறிய காயை ஏலத்தில் மாதிரி பார்க்கிற வியாபாரி மூக்கருகே கொண்டுபோனதுமே கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். விறகு அடுப்பில் ஃபேன் கிடையாது. சூடான புகை லேசானது. புகைபோக்கியில் மேலே ஏறும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் குழாய் நெடுகிலும் உறிஞ்சல்தான். பெல்லட் அடுப்பு வேறு மாதிரி. அமுக்கிக் குச்சியாக்கிய மரத்தூளை ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்தில் தள்ளும். மோட்டார் ஃபேன் காற்றைக் கொடுத்து, புகையையும் குழாய்க்குள் தள்ளும். இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் ஒரு பொத்தல் இருந்தால், உறிஞ்சும்போது அதன் வழியே காற்று உள்ளே வரும். ஊதும்போது வெளியே போகும். பொத்தல் அதேதான். காற்றின் திசைதான் மாறுகிறது.

பல சீசன் பார்த்த குழாயில் இணைப்புக்கு இணைப்பு சந்து இருக்கும். துருப்பிடித்த ஊசித்துளைகளும் இருக்கும். விறகு அடுப்பு இருந்தவரை அவற்றால் பெரிய தொந்தரவு தெரிந்திருக்காது. அறைக் காற்று கொஞ்சம் குழாய்க்குள் போயிருக்கும், அவ்வளவுதான். தள்ளுகிற அடுப்பை மாட்டிய அன்றே அதே துளைகள் புகையை ஸ்டோருக்குள் விடும். காய் கெடுவதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ராத்திரி தீயைக் கவனிக்க ஸ்டோரை ஒட்டிப் படுப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே தீ மூட்டும் முன், குளிர்ந்த அடுப்பில் ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கேஸ் சிலிண்டருக்குச் செய்வதுபோல இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கிளம்பும் இடமெல்லாம் கசிவு. அடுப்பை ஒட்டிய இணைப்புகளுக்கு, அந்தச் சூட்டைத் தாங்கும் தீக்களிமண் பூச்சு வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் பசை அங்கே கருகிப் போகும். தகரம் விரலால் அமுக்கினால் நெளிகிற அளவுக்கு இற்றுப்போயிருந்தால் பூசிப் பயனில்லை, அந்தத் துண்டையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது குழாயின் அளவு. பெல்லட் அடுப்பை 1980-களில் வீட்டுக்கு ஏற்றதாக உருவாக்கியவர் அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்டு. வீட்டு அடுப்புகளுக்கு 3 அங்குலம், 4 அங்குலக் குழாயே போதும். வெளிநாட்டு அடுப்போடு வரும் கையேட்டில் இருக்கும் கணக்கு அந்த வீடுகளுக்கானது. ஸ்டோரில் குழாய் வெறும் புகைவழி அல்ல. அறையைச் சூடாக்குவதே அதுதான். சின்னக் குழாயாக மாற்றினால் சூடு பரவும் பரப்பு குறைந்துவிடும். பெரிய குழாயை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் புகை மெதுவாகப் போகும், நுண்சாம்பல் வளைவுகளில் படியும். ஒவ்வொரு வளைவிலும் மூடியுள்ள ‘டி’ இணைப்பு வைத்தால் திறந்து வழித்துவிடலாம்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கீழே போடியில் ஓட்டிப் பார்த்து நன்றாக எரிந்த அடுப்பு, மேலே தோட்டத்தில் கறுப்புப் புகை விடலாம். ஃபேன் வேகத்தைக் கூட்டி, பெல்லட் விழும் அளவைக் குறைத்து, அந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் பெல்லட் மூட்டை தரையில் கிடந்தால் ஈரம் குடித்து மறுபடி தூளாகிவிடும். பலகை மேல் அடுக்குங்கள்.

கரண்ட் போனால்? திருகு நிற்கும், ஃபேன் நிற்கும், கிண்ணத்தில் கிடப்பது மட்டும் புகைந்துகொண்டிருக்கும். புகைபோக்கி நல்ல உயரமாக இருந்தால் அந்தப் புகை தானாக ஏறிப் போய்விடும். சுவரில் ஓட்டை போட்டு நேரே வெளியே நீட்டிய குட்டைக் குழாய் என்றால் உள்ளேயே திரும்பும். இன்வெர்ட்டர் இருந்தாலும் பழைய புகைபோக்கியை வெட்டாதீர்கள்.

கசிவுத் தொல்லைக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. ரைஸ்மில் பாய்லர் மெக்கானிக்கிடம் ‘ஐ.டி. ஃபேன்’ என்றால் உடனே புரிந்துகொள்வார்: புகைபோக்கி முனையில் நின்று இழுக்கிற ஃபேன். அதை வைத்து, அடுப்பின் ஃபேனையும் அதற்கேற்ப அடக்கி ஓட்டினால், குழாய் முழுதும் பழையபடி உறிஞ்சலுக்கு வந்துவிடும். தப்பிப்போன ஊசித்துளை ஒன்றிரண்டு இருந்தாலும் புகை அறைக்குள் வராது. செலவு கொஞ்சம் கூடும். அதற்காக அடைக்கிற வேலையை விட்டுவிடவும் கூடாது, கரண்ட் போனால் அந்த ஃபேனும் நின்றுவிடும்.

அதனால் அடுப்பு விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன், “ஃபேன் எந்தப் பக்கம், அது தள்ளுதா இழுக்குதா?” என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.