வால் கழன்று கையோடு வந்துடுச்சா? செல்லப் பல்லி வளர்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்!

கூண்டைச் சுத்தம் செய்யலாம்னு லெப்பர்ட் கெக்கோவைத் தூக்குறீங்க. அது நழுவி ஓடப் பார்க்குது. சட்டுனு வாலைப் பிடிச்சா, வால் மட்டும் கையில்! அதுவும் துடிதுடிச்சுக்கிட்டு. பதறாம இருக்க முடியுமா?

ஆனால் இது விபத்து இல்லை, தற்காப்பு. இந்தப் பல்லியின் வால் எலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று பலவீனமான கோடுகள் இருக்கு. ஆபத்துனு தோன்றினால் தசைகளை இறுக்கி, அந்தக் கோட்டில் வாலைத் தானே கழற்றிவிடும். ரத்தக் குழாய்களும் உடனே சுருங்குவதால் ரத்தம் அதிகம் வராது. விழுந்த வால் சுமார் அரை மணி நேரம் வரை துடிக்கும், குதிக்கவும் செய்யும். எதிரி அதை வேடிக்கை பார்க்கும் நேரத்தில் பல்லி எஸ்கேப்! நம்ம வீட்டுச் சுவர்ப் பல்லி செய்வதும் இதேதான்.

சரி, அப்போ நஷ்டமே இல்லையா? இருக்கு. லெப்பர்ட் கெக்கோ கொழுப்பைச் சேமித்து வைப்பதே வாலில்தான். வால் போனால் சேமிப்பும் போச்சு. அதனால் வழக்கத்தைவிட அடிக்கடி உணவு கொடுக்கணும். குட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

கூண்டில் மணல் இருந்தால் உடனே எடுத்துடுங்க, காயத்தில் ஒட்டும். டிஷ்யூ பேப்பர் விரித்து தினமும் மாற்றினால் போதும். கூட வேறு பல்லி இருந்தால் தனியாகப் பிரிக்கணும். கட்டுப் போடுவது, மஞ்சள் தடவுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். காயம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, பல்லி சாப்பிடாமலே கிடந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போயிடுங்க.

சில வாரங்களில் புது வால் வளரும். பழைய அழகு இருக்காது. குண்டாக, வழவழப்பாக இருக்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. அதில் உடையும் கோடுகள் கிடையாது. அடுத்த முறை கழற்றணும்னா மிச்சமிருக்கும் பழைய வாலில்தான் முடியும்.

ஆனா கிரெஸ்டட் கெக்கோ வளர்ப்பவர்கள் புது வாலுக்குக் காத்திருக்க வேண்டாம். அதுக்கு வால் போனா போனதுதான், திரும்ப வளராது. அதன் சொந்த ஊரான நியூ கலிடோனியா காடுகளில் வளர்ந்த பல்லிகள் பெரும்பாலும் வால் இல்லாமல்தான் மரத்துக்கு மரம் தாவுகின்றன.