பிடித்த மீனை விடுவித்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

ஊவா மாகாணத்தின் மலைச்சரிவுகளில் ஊற்றெடுக்கும் ஆறுகள் எமது மக்களின் வாழ்வோடு ஒன்றியவை. பதுளு ஓயா, உமா ஓயா, லொக்கல் ஓயா ஆகியன மகாவலியுடன் கலக்கின்றன. கிரிந்தி ஓயாவும் மாணிக்க கங்கையும் தெற்கு நோக்கி ஓடிக் கடலை அடைகின்றன. விடுமுறை நாட்களில் தோட்டத்துச் சிறுவர்கள் தூண்டிலுடன் ஓடைக்குச் செல்வதும், கிடைத்த சிறு மீன்கள் அன்றிரவே குழம்பாவதும் நாம் அறிந்த காட்சிகளே.

இன்னொரு வகை மீன்பிடியும் உலகில் உண்டு. மீனைத் தூண்டிலில் சிக்க வைத்து, களைக்கும்வரை இழுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவதாகும். உண்பதற்காகக் கொல்பவனை விட, கொல்லாமல் விடுபவன் மேலானவன் என்று இதனைச் செய்வோர் கூறுகின்றனர். மலையகத்தின் ஆறுகள் உல்லாசப் பயணிகளைக் கவர்ந்து வரும் இக்காலத்தில், இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

இவ்விவாதம் மிகக் கூர்மையாக நடைபெறுவது ஐரோப்பாவின் சால்மன் ஆறுகளில்தான். அத்திலாந்திக் சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஸ்கொட்லாந்தின் ட்வீட் ஆற்றில் நவம்பர் 30 வரை தூண்டில் போடலாம். அந்த இறுதி வாரங்களில் சிக்கும் பெண் மீன்கள் பல, வயிறு நிறைய முட்டைகளைச் சுமந்திருக்கும். அவற்றை விடுவிப்பது இனத்தைக் காக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். குளிர்ந்த நீரில் கவனமாக விடுவிக்கப்படும் மீன்களிற் பெரும்பாலானவை பிழைத்து முட்டையிடுகின்றன என்பதும் உண்மையே. அப்படியாயின், முட்டையிடப் போகும் மீனைப் பிடிப்பதுதான் எதற்காக என்று மறு தரப்பு வினவுகிறது.

இவ்வினாவுக்கு வலுவூட்டும் ஓர் இயற்கை நியதி உண்டு. ஆற்றினுள் நுழைந்த பின்னர் வளர்ந்த சால்மன் இரை உண்பதில்லை. கடலில் சேமித்த சக்தியைக் கொண்டே அது நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி முட்டையிட வேண்டும். தூண்டிலுடன் போராடி இழந்த சக்தியை அதனால் மீண்டும் ஈட்ட முடியாது. 2023 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இம்மீனை அச்சுறுத்தலை அண்மித்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

விடுவிக்கப்பட்ட மீன் நீந்திச் சென்றுவிட்டது என்பதால் அது பிழைத்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. 1992இல் கனடாவில் வெளியான ஆய்வொன்றில், களைக்கும்வரை விரட்டப்பட்ட வானவில் ட்ரவுட் மீன்களில் 88 வீதமானவை 12 மணித்தியாலங்களின் பின் உயிருடன் இருந்தன. களைத்த பின் 60 விநாடிகள் நீருக்கு வெளியே வைக்கப்பட்டவற்றில் 28 வீதமானவையே எஞ்சின. ஒரு புகைப்படத்துக்குத் தேவைப்படும் நேரம் அவ்வளவே. வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் ஆபத்து மேலும் அதிகரிக்கும்.

எமது மலையகத்தில் இப்பிரச்சினைக்கு வேறொரு முகமும் உண்டு. வானவில் ட்ரவுட் சால்மனின் நெருங்கிய உறவு மீன். ஆனால் அது இந்நாட்டுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தமது பொழுதுபோக்குக்காக ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளில் விட்டனர். பதுளை மாவட்டத்தின் ஒஹிய வழியாகச் செல்வோர் அடையும் அதே சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு நன்னீர் இறால் இனமொன்று அங்கு வாழ்கிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வானவில் ட்ரவுட்டும் இடம்பெற்றுள்ளது. அத்தகைய ஓடையில் ட்ரவுட்டை மீண்டும் விடுவது அந்த மீனுக்குக் கருணையாகலாம். இறாலுக்கும் ஏனைய சுதேச உயிர்களுக்கும் அது கருணையாகாது.

அயலிலுள்ள காவிரி ஆறும் ஒரு பாடத்தைத் தருகிறது. கர்நாடகத்தின் காவிரிக் கரையில் பல ஆண்டுகளாக மஹ்சீர் மீனைப் பிடித்து விடுவிக்கும் முகாம்கள் இயங்கின. கிராமத்தவருக்கு அங்கு காவற்பணி கிடைத்தது. தூண்டிற்காரர்கள் எழுதி வைத்த குறிப்பேடுகளே பின்னர் அங்குள்ள திமில் மஹ்சீரின் வீழ்ச்சியை ஆய்வாளர்களுக்கு உணர்த்தின. இவை மறுக்க முடியாத நன்மைகள். ஆயினும் பெருக்கம் என்ற பெயரில் வேற்று மஹ்சீர் குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன. 2018இல் திமில் மஹ்சீர் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணம் மாத்திரம் ஓர் இனத்தைக் காப்பாற்றுவதில்லை.

அறநெறி நோக்கிலும் இதனைச் சிந்திக்கலாம். வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, இன்னா செய்யாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லவில்லை என்பதால் துன்புறுத்தவில்லை என்றாகிவிடாது. கடல் உணவை ஆகுமாக்கிய இஸ்லாம், உயிருள்ளவற்றை வெறும் இலக்காக்கி விளையாடுவதைக் கண்டிக்கிறது. திருக்குர்ஆனின் அல்-அஃராப் அத்தியாயம், சனிக்கிழமை எல்லையை மீறிய கரையோர ஊராரின் வரலாற்றை எடுத்துரைக்கிறது. மீன்கள் திரளாகத் தோன்றியது தடுக்கப்பட்ட அந்த நாளில்தான். கையை அடக்க வேண்டிய காலமும் உண்டு என்பதே அதிலிருந்து நாம் பெறும் படிப்பினை. உண்ணும் நோக்கமின்றி, விடுவதற்காகவே மீன் பிடிப்பதை 2009 முதல் சுவிட்சர்லாந்துச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

எனவே எதை, எப்போது, எந்த நீரில் விடுவிக்கிறோம் என்பதைக் கொண்டே இச்செயலை மதிப்பிட வேண்டும் என்பது எமது கருத்தாகும். மழையில் ஆறு பெருகும்போது முட்டையிடுவதற்காக மேல்நோக்கிச் செல்லும் மஹ்சீர் போன்ற சுதேச மீன்களை, அக்காலத்தில் தூண்டிலால் தொடாமலே விட்டுவிட வேண்டும். ஏனைய காலங்களில் சட்டம் இடமளிக்கும் நீரில் பிடிக்க நேர்ந்து விடுவிப்பதாயின், எதிர்முள் இல்லாத தூண்டிலைப் பயன்படுத்தி, நனைந்த கையால், நீரை விட்டு வெளியே எடுக்காமல் விடுவிக்க வேண்டும். அனுமதியுடன் பிடிக்கப்படும் அந்நிய ட்ரவுட்டை மீண்டும் விடுவதைக் காட்டிலும் உணவாக்குவதே பொருத்தம்.

வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீர்வாழ் வளங்கள் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டம் அனைவருக்கும் பொதுவானது. ஆனால் ஓடையில் நாலு மீன் பிடித்துக் குழம்பு வைக்கும் தோட்டத்துப் பிள்ளையைக் குற்றவாளியாகவும், சினையுற்ற மீனை இழுத்துப் படமெடுத்து விடுபவரை இயற்கை நேசராகவும் காண்பது நியாயமாகாது. மீனின் பக்கம் நின்று பார்த்தால் இருவரின் கையிலும் இருப்பது ஒரே தூண்டில்தான். அதை எப்போது கீழே வைப்பது என்று அறிந்திருப்பதே அறம்.