பத்துக்குப் பத்து அறையும் ஒரு வாத்தியம்

மார்கழி விடியற்காலை. கோயில் வாசல் வேப்பமரத்தில் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பும் திருப்பாவை, வயல்வெளியைக் கடந்து அடுத்த ஊர் ஏரிக்கரை வரைக்கும் கேட்கிறது. மைக் செட்காரரின் மேசையில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைப் போய்ப் பார்த்தால் 30, 40 வாட்தான் இருக்கும். அதே அளவு ஆம்ப்ளிஃபையரை வீட்டில் அழகான மரப்பெட்டி ஸ்பீக்கரோடு இணைத்து முழுக்கத் திருகினாலும், பாட்டு தெருக்கோடி வரை போனாலே பெரிது. மின்சாரம் ஒரே அளவு. ஒலி மட்டும் எங்கே போயிற்று?

வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். கடைக்குப் போனதும் நாம் கேட்பது "எத்தனை வாட்?" என்பதை. அந்த எண் நமக்குச் சொல்வது மிகக் கொஞ்சம். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், அறை மூன்றும் சேர்ந்துதான் நம் காதுக்கு வரும் பாட்டைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றில் நாம் காசு கொடுத்து வாங்காத அறைக்குத்தான் பெரிய பங்கு.

காற்றைப் பிடிக்கும் வித்தை

ஸ்பீக்கருக்குள் வரும் மின்சாரம் ஒரு செப்புக் கம்பிச் சுருளில் பாய்கிறது. காந்தத்தின் இடுக்கில் அந்தச் சுருள் முன்னும் பின்னும் அசைய, அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட வடிவம் இது. நூறு ஆண்டுகளாகியும் இதன் அடிப்படை மாறவில்லை. பலவீனமும் மாறவில்லை. காகிதக் கூம்பு கனமானது, காற்றோ மிக லேசானது. வெறுங்கையை வீசினால் விரலிடுக்கில் காற்று நழுவிப்போவதுபோல, ஸ்பீக்கர் செய்யும் வேலையில் பெரும்பகுதி வீணாகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு நூறு வாட் கொடுத்தால் அதில் ஒரு வாட்கூட ஒலியாவதில்லை. மீதியெல்லாம் சுருளில் சூடாகப் போய்விடும்.

வயலுக்கு அப்பால் நிற்பவரைக் கூப்பிடும்போது நாம் இரண்டு கைகளையும் வாயருகே குவிக்கிறோம் அல்லவா? கூம்பு ஒலிபெருக்கி செய்வதும் அதைத்தான். குறுகிய கழுத்தில் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் குழாய், அசையும் தகட்டுக்குக் காற்றின் மேல் நல்ல பிடிப்பைக் கொடுக்கிறது. ஒலியை ஒரே திசையில் குவித்தும் அனுப்புகிறது. 40 வாட்டில் ஊரே விழித்துக்கொள்வதன் ரகசியம் இதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மரத்துக் கூம்பில் மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், ஆழ்ந்து ஒலிக்கும் தொப்பி கேட்காது. விநாடிக்கு 40 முறை அதிரும் ஆழ்ந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதைப் பிடிக்க வேண்டுமானால் கூம்பின் வாய் வீட்டு வாசலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

வரலாற்றில் இதற்கு மூன்று அழகான சாட்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில், பால் கிளிப்ஷ் 1946இல் கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலமாரி அளவுள்ள பெட்டிக்குள் கூம்பை மடித்துவைத்து, அதை அறையின் மூலையில் நிறுத்தினார். அங்கே கூடும் இரண்டு சுவர்களும் தரையும் கூம்பின் மீதிப் பகுதியாகிவிட்டன. வீட்டுச் சுவரையே ஸ்பீக்கரின் உறுப்பாக்கிய அந்த வடிவம் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் நேர் எதிர்வழியில் போனார். அவருடைய ஏ.ஆர்.-1, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றையே, கீழ்ச்சுருதிக் கூம்பான வூஃபருக்கு ஸ்பிரிங்காக்கி ஆழ்ந்த பேஸை எடுத்தார். பதிலுக்கு அந்தப் பெட்டி நிறைய வாட் கேட்டது. 1970களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. ஏறத்தாழ ஐந்து லிட்டர் கொள்ளளவுதான். வேனின் நெரிசலுக்குள் மனிதக் குரல் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, ஆழ்ந்த பேஸையும் உரத்த ஒலியையும் அது துறந்தது. மூன்றுமே போற்றப்படும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தை மனதில் வைத்துப் பிறந்தது.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருப்பவை

ஸ்பீக்கரின் பின்புறத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று டெசிபலில் இருக்கும் உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி கேட்கும் என்பதை அது சொல்கிறது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 90 வரை இருக்கும். எல்.எஸ்.3/5ஏ சுமார் 83, கிளிப்ஷ்ஹார்ன் 105. பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு. கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் எழுப்பும் ஒலிக்கு அந்தச் சிறு பெட்டி நூற்றைம்பது வாட்டுக்கு மேல் கேட்கும். அவ்வளவை அது தாங்கவும் தாங்காது.

நம் வீட்டுக் கணக்கு இதைவிட எளிது. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, எட்டுப் பத்தடி தள்ளி நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுத்தால் காதருகே ஏறத்தாழ 85 டெசிபல் வரும். நாம் நிதானமாகப் பாட்டுக் கேட்பது 75 அளவில். அதற்குத் தேவை ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு! தவிலில் விழும் ஓர் அடி, தாளவாத்தியம் முழுதும் ஒன்றாக எழும் ஒரு கணம், இவை சராசரியைவிட 20 டெசிபல் வரை எகிறும். அந்தக் கணத்துக்கு 10 வாட் வேண்டும். கொஞ்சம் இருப்பும் சேர்த்துக்கொண்டால், நடுத்தர அறைக்கு நேர்மையான 30 முதல் 50 வாட் தாராளம்.

'நேர்மையான' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அட்டைப்பெட்டியில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். சுவரிலிருந்து 30 வாட் மட்டும் இழுக்கும் கருவி, தொடர்ந்து அதற்கு மேல் எதையும் கொடுக்க முடியாது. இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட அமெரிக்க அரசு 1974இலேயே விதி கொண்டுவந்தது. நாம் கேட்க வேண்டியது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட், அதுவும் எத்தனை ஓமுக்கு என்ற விவரத்தோடு.

அந்த ஓம்தான் இரண்டாவது எண். ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை அது. பெரும்பாலும் 8, 6 அல்லது 4 என்றிருக்கும். ஓம் பாதியானால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். எழுதியிருக்கும் எண்ணும் ஒரு பொதுவான மதிப்புதான். சுருதிக்குச் சுருதி உண்மையான தடை ஏறி இறங்கும். சாதாரண ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டுச் சத்தமாக வைத்தால் அது கொதிக்கும், பாட்டின் நடுவே தானே அணைந்தும் போகும். ஒரே முனையில் இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்தாலும் அதே 4 ஓம்தான். ஆகவே, ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் எழுதியிருக்கும் எல்லைக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கரை எடுங்கள். இணைக்கும் கம்பிக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். பத்துப் பதினைந்து அடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும்.

இன்னொரு எச்சரிக்கை. பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சின்ன ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் திருகினாலும் ஆபத்துதான். அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும்போது, மூலப்பாட்டில் இல்லாத மேல்சுருதிகள் பிறந்து, அவற்றை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குள் பாயும். மயிரிழை போன்ற அதன் சுருள் கருகிவிடும். ஒலி கரகரக்கிறது என்றால் உடனே குறையுங்கள்.

மெத்தைகளைச் சுமந்த பேராசிரியர்

இனி அறைக்கு வருவோம். புதுமனை புகுவிழாவுக்கு முன்பு காலி அறையில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கும். கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் வந்தபின் அந்த முழக்கம் காணாமல் போகும். இதை எண்ணாக மாற்றியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியலாளர் வாலஸ் சேபைன்.

1895இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பயன்படாமல் கிடந்தது. பேராசிரியர் சொல்லும் ஒரு சொல் ஐந்தரை விநாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் மாணவருக்கு என்ன புரியும்? சேபைன், ஊர் உறங்கிய நடுநிசிகளில், பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். பல இரவுகளுக்குப் பின் விதி கிடைத்தது. அறையின் கன அளவு கூடினால் முழக்க நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும். ஒரு மனித உடல் ஏறத்தாழ ஆறு மெத்தைகளுக்குச் சமமாக ஒலியை உறிஞ்சுகிறது என்பதையும் கண்டார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவருடைய கணக்கின்படி எழுந்தது.

அந்தக் கணக்கை நம் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டுக்குப் பத்து, பத்தடி உயரம், பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். காலியாக இருந்தால் முழக்கம் மூன்று விநாடிக்கு நெருக்கமாக வரும். பஞ்சு மெத்தை, கனத்த திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி என்று நிரப்பினால் அரை விநாடிக்கு இறங்கும். பாட்டுக்கு அதுவே இதமான அளவு. லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் மூன்று விநாடி முழக்கத்தில் கலங்கிப்போகும்.

அறைக்கும் ஒரு சுருதி உண்டு

திரைச்சீலையால் தீராத சிக்கலும் ஒன்றிருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்துவதுபோல ஒத்திசைந்து பெருகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். பத்தடி அறைக்குக் கணக்கிட்டால் வருவது 57 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 57 அதிர்வு. பேஸ் கிதாரின் இரண்டாவது தடித்த கம்பி 55 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, மிக அருகில்! பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து பாடுகிறது, இரும்பு பீரோவின் கதவும் கடகடக்கிறது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுபட்டால் இந்தச் சுருதிகள் பிரிந்து நிற்கும். நம் ஊரில் வழக்கமான பத்துக்குப் பத்து அறையில் உயரமும் பத்தடியாகவே அமைந்துவிட்டால், மூன்றும் 57லேயே வந்து குவியும். ஒலிக்கு இதைவிடக் கடினமான வடிவம் இல்லை. ஓட்டு வீட்டில் பேஸ் கூரை வழியே கசிந்துவிடும். கான்கிரீட் பெட்டிக்குள் அது தங்கும். இத்தகைய அறையில் பெரிய வூஃபரை வைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே 'தும்தும்' ஆகும். நான்கைந்து அங்குல வூஃபர் கொண்ட சிறு ஸ்பீக்கரே அங்கே போதும். சுவரை ஒட்டி வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், பின்பக்கம் காற்றுத்துளை இல்லாத மூடிய பெட்டியாகப் பாருங்கள். கால்முளைத்த உயரமான ஸ்பீக்கர்களைப் பெரிய கூடத்துக்கு விட்டுவிடுங்கள்.

நாற்காலி எங்கே என்பதும் முக்கியம். அறையின் இந்த முதல் சுருதி சுவரோரம் ஓங்கியும் நட்டநடுவே ஓய்ந்தும் இருக்கும். சுவரில் தலைசாய்த்து உட்கார்ந்தால் பேஸ் முட்டும், நடு அறையில் உட்கார்ந்தால் காணாமல் போகும். இரண்டுக்கும் இடையே இடம் தேடுங்கள். பேஸுக்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, அறை ஓரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றே என்று இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்சும் ரேலியும் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய விதியை, நீங்கள் முழங்காலில் நின்று மெய்ப்பிக்கிறீர்கள்.

ஆகவே, வாங்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் டேப்பை எடுத்து அறையை அளந்து, எங்கே உட்காரப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கேற்ற ஸ்பீக்கரை அடுத்துத் தேர்ந்தெடுங்கள். அதன் டெசிபலும் ஓமும் கேட்கும் ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் வாங்குங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் ஸ்பீக்கரை வீட்டுக்கு எடுத்துவந்து, அதே தனியைப் போட்டுப் பாருங்கள். தொப்பியின் ஒவ்வோர் அடியும் விழுந்து, அடங்கி, அடுத்த அடிக்கு இடம் விட்டால் அந்த ஜோடி உங்கள் அறைக்கு உரியது.