பிரிந்து வாழும் தந்தையரும் அரசாங்கமும்

கணவனும் மனைவியும் பிரிந்தால் ஒரு வீடு இரண்டாகிறது. பெரும்பாலும் குழந்தைகள் தாயோடு தங்குகிறார்கள். தந்தை வேறிடம் செல்கிறார். அவர் இனி அந்தப் பெண்ணுக்குக் கணவர் அல்லர். பிள்ளைகளுக்கோ என்றும் தந்தையே. அவருடைய உரிமை எவ்வளவு, கடமை எவ்வளவு? இவ்வினாவை அரசாங்கமே ஏற்று, ஆராய்வதும் சட்டம் இயற்றுவதும் பின் அதனைத் திருத்துவதுமாக இருந்துவரும் நாடு ஆஸ்திரேலியா.

அந்நாட்டின் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் மணவிலக்கை எளிதாக்கியது. குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் கேட்பதில்லை. பன்னிரண்டு மாதங்கள் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும். குடும்ப வாழ்வை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்பதையும் அதே சட்டம் விதித்தது. அவ்வாறு 1980இல் மெல்போர்ன் நகரில் தோன்றியது ஆஸ்திரேலியக் குடும்ப ஆய்வு நிறுவனம். சட்டம் செய்தவர்களே அதன் விளைவை அளக்கவும் ஆள் நியமிப்பது எங்கும் காணக்கூடிய வழக்கமன்று.

முதலில் தலைதூக்கியது பணத் தொல்லை. நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தைப் பலர் செலுத்தவில்லை. 1988இல் வசூல் வேலை வரி இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு ஒரு கணக்கு முறையும் வந்தது. தந்தையின் சொந்தச் செலவுக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 18 விழுக்காடு, இரு குழந்தைகளுக்கு 27 விழுக்காடு என வகுத்தனர். தாயின் குறை ஓரளவு தீர்ந்தது. தந்தையின் குறை வளர்ந்தது. பணம் கொடுக்க மட்டுமே தாங்கள் வேண்டும், பிள்ளையைக் காண வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள்.

2003இல் பாராளுமன்றக் குழு ஒன்று இதனை விசாரித்தது. குழந்தையின் நாட்களைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும் என்ற கோரிக்கையை அது ஏற்கவில்லை. பொறுப்பு மட்டும் இருவருக்கும் சமம் என்று கொள்ளலாம் என்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதனைப் பின்பற்றியது. வழக்கு மன்றத்துக்குப் போகுமுன் சமரசம் பேசுவதற்காக நாடெங்கும் 65 குடும்ப உறவு மையங்கள் திறக்கப்பட்டன. வன்முறை நிகழ்ந்த குடும்பங்களுக்கு இச்சமரசம் கட்டாயமன்று.

பேராசிரியர் பாட்ரிக் பார்க்கின்சன் தலைமையில் அமைந்த குழு பணக்கணக்கையும் மாற்றச் சொன்னது. 2008 முதல் தாய் தந்தை இருவரின் வருமானமும் கணக்கில் சேர்கிறது. ஆண்டில் 52 இரவுகளாவது குழந்தை தந்தையிடம் தங்கினால், அதன் செலவில் 24 விழுக்காட்டை அவர் நேரே ஏற்கிறார் எனக் கருதுகிறார்கள். 52 இரவு என்பது ஆண்டின் ஏழில் ஒரு பங்குதானே என்பீர்கள். ஆனால் வாரத்தில் ஓரிரவு தங்கும் குழந்தைக்கும் கட்டிலும் அறையும் முழுதாகவே வேண்டும். ஏழில் ஒரு பங்கு கட்டில் வாங்க முடியாதல்லவா? இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரவைப் பணமாக்கினால், இரவைக் குறித்தே பெற்றோர் பேரம் பேசத் தொடங்கலாம்.

ஆய்வு நிறுவனம் 2009இல் புதிய சட்டத்தின் பலனை அளந்து வெளியிட்டது. சமமான பொறுப்பு என்பதைச் சமமான நாட்கள் என்றே பெற்றோர் பலர் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தனர். பிரிவதற்கு முன் துணைவரால் உடலில் காயமுற்றதாகத் தாய்மாரில் 26 விழுக்காட்டினரும் தந்தையரில் 17 விழுக்காட்டினரும் கூறினர். நாட்களைப் பகிர்ந்த குடும்பங்களில் பல நன்றாகவே நடந்தன. ஆனால் தன் பாதுகாப்பையோ குழந்தையின் பாதுகாப்பையோ எண்ணித் தாய் அஞ்சிய இடங்களில் குழந்தைகளின் நலம் குன்றியிருந்தது.

எனவே 2011இல் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர் உறவின் பயனுக்கும் தீங்கிலிருந்து காப்பதற்கும் முரண் வந்தால், காப்பதே முதன்மை என்றாயிற்று. 2023இல் இயற்றிய திருத்தம், சமப் பொறுப்பு என்ற அனுமானத்தையே நீக்கியது. அது 2024 மே 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தந்தையர் சங்கங்கள் இதனை வருத்தத்துடன் எதிர்த்தன. ஆயினும் தந்தையின் இடம் மறைந்துவிடவில்லை. பாதுகாப்பு, குழந்தையின் கருத்து, அதன் தேவைகள் ஆகியவற்றோடு, இடரின்றிக் கிடைக்குமானால் தாய் தந்தை இருவரின் உறவாலும் குழந்தை பெறும் நன்மையையும் நடுவர் எடைபோட வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறுகிறது.