ரெடிமேட் குக்கி வேண்டாம், புரொபைல் போதும்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதில் அப்பாவுக்கு இரண்டு ஜிமெயில், மகளுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் லாக்-அவுட் செய்து மறுபடி பாஸ்வேர்ட் டைப் செய்வது சலிப்பான வேலைதான். இதற்குப் பிரவுசரிலேயே வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ‘பாஸ்வேர்டே வேண்டாம், இந்தக் குக்கியைப் பிரவுசரில் ஏற்றினால் போதும்’ என்று யாராவது ரெடிமேட் குக்கி கொடுத்தால் வாங்கி விடாதீர்கள். காரணத்தைப் பார்ப்போம்.

குக்கி என்பது என்ன?

நீங்கள் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்திருப்பது அதே ஆள்தான் என்று வெப்சைட்டுக்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி. பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் வெப்சைட் ஒரு நீளமான ரகசியக் குறியீட்டை உங்கள் பிரவுசரிடம் கொடுக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அதைக் காட்டி உள்ளே போகும்.

சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வண்டி கிடைக்கும். குக்கியும் பெரும்பாலும் அப்படித்தான். அதைக் காப்பி செய்தவரிடம் பாஸ்வேர்டோ, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யோ கேட்கப்படுவதில்லை. அவையெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டன அல்லவா?

எங்கிருந்து வருகிறது?

விற்பனைக்கு வரும் லாகின் குக்கிகளில் பல, வைரஸ் மூலம் பிறர் கம்ப்யூட்டரிலிருந்து திருடப்பட்டவை. 2018 முதல் இயங்கிய ஜெனிசிஸ் மார்க்கெட் என்ற தளம் இப்படித்தான் வியாபாரம் செய்தது. 15 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களிலிருந்து திருடிய தகவல்கள் அதில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் பல நாட்டுப் போலீசாரும் சேர்ந்து அதை முடக்கினர். வாங்கியவர்களும் விசாரணைக்கு உள்ளானார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குக்கியை ஏற்றுவதற்கென்று ஒரு எக்ஸ்டென்ஷனை நிறுவச் சொல்வார்கள். அதற்கு அனுமதி கொடுத்தால் உங்கள் சொந்தக் குக்கிகளையும் அது படிக்க முடியும்.

சரியான வழி

1. கூகுள் குரோமைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டமான புரொபைல் படத்தை க்ளிக் செய்யுங்கள்.

2. வரும் மெனுவில் புதிய புரொபைல் சேர்ப்பதற்கான கட்டளையைத் தேர்வு செய்யுங்கள்.

3. பெயரும் நிறமும் கொடுங்கள். தனி விண்டோ திறக்கும்.

4. அதில் இரண்டாவது அக்கவுன்டில் ஒருமுறை லாகின் செய்யுங்கள்.

ஒவ்வொரு புரொபைலுக்கும் குக்கி, புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் தனித்தனி. ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் புரொபைலுக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் உள்ள மற்றவர்களும் அதைத் திறக்கலாம். அது வேண்டாம் என்றால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கி, பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

குக்கி திருடு போனதாகச் சந்தேகமா?

உங்கள் பிரவுசரில் குக்கியை அழித்தால் மட்டும் போதாது. திருடியவரிடம் காப்பி இருக்குமே! முதலில் ஆன்ட்டி வைரஸ் மூலம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுள் அக்கவுன்ட் என்றால் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், லாகின் ஆகியிருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்களுடையது அல்லாதவற்றை அங்கிருந்தே வெளியேற்றி விடுங்கள்.