மலைவிளைபொருளின் இணையச் சந்தையும் விளம்பர வாசகத்தின் மதிப்பும்: கல்வராயன் மலை வெள்ளிமலையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் பொருள் விற்போர் ஒளிப்படத்துக்கும் விலைத் தள்ளுபடிக்கும் தரும் கவனத்தை வாசகத்துக்குத் தருவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் தேன், சாமை, கடுக்காய் ஆகிய பொருள்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பயிற்சி பெற்ற எழுத்தாளர் அமைக்கும் விளம்பர வாசகம் வணிகத்துக்கு எவ்வகையில் பயன்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பொருளின் இடம், பருவம், செய்முறை, வரம்பு ஆகியவற்றைத் துல்லியமாகச் சொல்லும் வாசகமே விற்பனைக்குத் துணைசெய்யும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விளம்பர வாசகம், இணைய வணிகம், கல்வராயன் மலை, வெள்ளிமலை, சிறுவனப் பொருள், பயன்பாட்டுத் தமிழ்

முன்னுரை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் மேற்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது கல்வராயன் மலை. அதன் வட்டத் தலைமையிடம் வெள்ளிமலை. மலையாளி எனும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலையில் சாமை, தினை, மரவள்ளி முதலியன விளைகின்றன. காட்டிலிருந்து தேன், கடுக்காய், புளி முதலியன சேகரிக்கப்படுகின்றன. சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. விற்கும் உரிமை கிடைத்த அளவுக்கு, விற்பதற்கான சொல் அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை.

வாரச்சந்தையில் தேன் வாங்குபவர் அதை மோந்து பார்க்கிறார். புறங்கையில் ஒரு துளி விட்டுச் சுவைக்கிறார். எந்தக் காட்டுத் தேன், எப்போது எடுத்தது என்று கேட்கிறார். விற்பவரின் முகத்தைப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வருகிறார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ கைப்பேசித் திரையில் அதே தேனைப் பார்ப்பவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே விற்பவரின் இடத்தில் நிற்பது வாசகம் மட்டுமே. விளம்பரத் துறையினர் ‘காப்பிரைட்டிங்’ என வழங்கும் தொழிலை இக்கட்டுரை ‘விளம்பர வாசக ஆக்கம்’ எனக் குறிப்பிடுகிறது.

அஞ்சல்வழி வணிகம் தந்த பாடம்

கண்ணால் காணாத பொருளைச் சொல்லால் விற்பது இணையத்தோடு தோன்றியதன்று. எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பே அஞ்சல்வழி விற்பனையிலும் விளம்பர முகவர் தொழிலிலும் ஈடுபட்டிருந்தார். தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும், வாசகத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பும் வாடிக்கையாளரை நம்பி நடந்த அவ்வணிகமே இன்றைய இணைய வணிகத்தின் நேர் முன்னோடி எனலாம்.

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ், ‘சிலிட்ஸ்’ பீர் நிறுவனத்துக்காக எழுதிய விளம்பரம் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. போட்டி நிறுவனங்கள் அனைத்தும் ‘தூய்மையானது’ என்னும் ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் சென்று பார்த்தார். புட்டிகள் நீராவியால் தூய்மை செய்யப்படுவதையும் நீர் ஆழ்கிணற்றிலிருந்து எடுக்கப்படுவதையும் கண்டு அவற்றையே எழுதினார். எல்லா ஆலைகளும் இதைத்தானே செய்கின்றன என்று நிறுவனத்தார் தயங்கினர். எல்லாரும் செய்த ஒன்றை அதுவரை எவரும் சொல்லவில்லை என்பதே அவருடைய விடை. ‘அறிவியல்முறை விளம்பரம்’ எனப் பொருள்படும் அவரது நூல் 1923இல் வெளிவந்தது. விளம்பரத்தின் விளைவை அளந்து பார்க்கலாம் என்பதை அது வலியுறுத்தியது.

இணையத்தில் அவ்வாறு அளந்து பார்த்தவர்களுள் ஜேக்கப் நீல்சனும் ஜான் மார்க்ஸும் குறிப்பிடத்தக்கவர்கள். 1997இல் அவர்கள் ஒரே இணையதளத்தின் உள்ளடக்கத்தை ஐந்து வகையாக எழுதிப் பயனர்களிடம் சோதித்தனர். புகழ்ச்சி மொழியை நீக்கி நடுநிலையாக எழுதிய வடிவம் பயன்படுதிறனில் 27 விழுக்காடு மேம்பட்டிருந்தது. சுருக்கம், கண்ணோட்டமாகப் படிப்பதற்கேற்ற அமைப்பு, நடுநிலை மொழி ஆகிய மூன்றையும் சேர்த்த வடிவம் 124 விழுக்காடு மேம்பட்டிருந்தது. அச்சோதனை ஆங்கிலப் பக்கங்களில் நடந்தது; அதில் அளக்கப்பட்டது படிப்பவரின் பயன்பாடேயன்றி விற்பனை அன்று. எனினும், புகழ்ச்சியை வடிகட்டவே படிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி செலவாகிறது என்னும் அவர்களின் விளக்கம் தமிழுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

‘இயற்கை’ என்னும் சொல்லின் நிலை

தமிழில் மலைப்பொருள் விளம்பரங்களில் மிகுதியாகத் தேய்ந்த சொல் ‘இயற்கை’. இச்சொல்லுக்கு இரு சுமைகள் உள்ளன. செயற்கைப் பொருள் கலவாதது என்பது ஒன்று. வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்து சான்று பெற்றது என்பது மற்றொன்று. பேச்சு வழக்கிலும் விளம்பரத்திலும் இரண்டுமே ‘இயற்கை’ என்று எழுதப்படுகின்றன. சட்டமோ இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. முன்னதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன; ‘தூய’, ‘புதிய’, ‘மரபுவழி’ போன்ற சொற்களுக்கும் அவை நிபந்தனை விதிக்கின்றன. பின்னதற்கு 2017ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைகள் உள்ளன. அவற்றின்படி, விதிவிலக்குப் பெற்றோர் நீங்கலாக, ஏனையோர் சான்றின்றி அவ்வாறு விற்க இயலாது. அரசு ஆவணங்களில் வழங்கும் ‘அங்கக’, ‘உயிர்ம’ என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைக் காக்கின்றன. ஆனால் வாங்குவோர் அவற்றைத் தேடுவதில்லை.

மலையில் உரமிடாமல் சாமை பயிரிடும் குடும்பம் சான்று பெறாதிருக்கலாம். அவர்களின் சாமையை ‘இயற்கைச் சாமை’ என்று எழுதினால், கேட்பவர் சான்றுள்ளதாகக் கருத இடமுண்டு. ‘உரமிடாமல் மானாவாரியில் விளைந்தது, சான்று பெறவில்லை’ என எழுதினால் செய்தி தெளிவாகிறது, நம்பிக்கையும் கூடுகிறது. இத்தகைய இடத்தில் தேவைப்படுவது மொழிப்பயிற்சியும் சட்ட அறிவும் ஒருங்கே உடைய ஒருவர். விற்பவரின் உறவினரோ, கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியோ இவ்வேறுபாட்டைக் காண்பது அரிது. காய்ச்சாத தேனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பச்சைத் தேன்’ என்று எழுதினால், தேனின் நிறம் பச்சையோ என்று மயங்க நேரும்.

பெயர்கள் தரும் மயக்கம்

தேடுபொறியில் பொருள் அகப்பட வேண்டுமாயின் பெயர் சரியாக இருக்க வேண்டும். கல்வராயன் மலை ‘கல்ராயன்’ எனவும் எழுதப்படுகிறது. இம்மலைத்தொடர் சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. வெள்ளிமலை என்னும் பெயரில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தேனி மாவட்டத்திலும் இடங்கள் உள்ளன. எனவே ‘வெள்ளிமலைத் தேன்’ என்று மட்டும் எழுதிய பக்கம் எம்மலையைக் குறிக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. மாவட்டப் பெயரும், மலைப் பெயரின் இரு வடிவங்களும் அப்பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும்.

இதனினும் நுட்பமானது மக்களின் பெயர். ‘மலையாளிகள் சேகரித்த தேன்’ என்னும் தொடரைச் சென்னை வாசகர் எவ்வாறு புரிந்துகொள்வார்? கேரளத்தவர் எடுத்த தேன் என்றே கொள்வார். தமிழ் பேசும் இப்பழங்குடியினரைப் பற்றி அறியாத எழுத்தாளர் இத்தொடரை ஐயமின்றி எழுதிவிடுவார். ‘கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர்’ என்று விரித்தால் மட்டுமே தேனை எடுத்தவர் அடையாளம் பெறுகிறார். ஒரு சொல்லின் விரிவு இங்கு வணிகத்துக்கு மட்டுமன்றி, உழைத்தவரின் அடையாளத்துக்கும் உரியதாகிறது.

தேன்: ஒரு மாதிரி வாசகம்

விளக்கத்துக்காக இக்கட்டுரையாளர் அமைத்த இரு வாசகங்களை இங்கு ஒப்பிடலாம். முதலாவது இணையத்தில் எங்கும் காணப்படும் வகை: ‘100 விழுக்காடு தூய இயற்கைத் தேன். தரத்தில் முதலிடம். உடல்நலத்துக்கு உகந்தது. இன்றே வாங்குவீர்!’ இதில் தேனுக்கே உரிய செய்தி ஒன்றுகூட இல்லை. தேன் என்னும் சொல்லை நீக்கி நல்லெண்ணெய் என இட்டாலும் வாசகம் குறைவின்றி நிற்கும்.

இரண்டாவது: ‘மலைத்தேன், 500 கிராம். கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பாறைத் தேனடைகளிலிருந்து எடுத்தது. துணியில் வடிகட்டியது, காய்ச்சவில்லை. எடுத்த மாதம் புட்டியில் குறிக்கப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் அடியில் உறையக்கூடும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது.’

இரண்டாம் வாசகத்தில் உறைதல் பற்றிய தொடர் கருதத்தக்கது. தேனிலுள்ள குளுக்கோசு படிகமாவதால் உறைதல் நிகழ்கிறது. வாங்கியவர் பலர் அதைச் சர்க்கரைக் கலப்படம் என எண்ணிப் பொருளைத் திருப்பி அனுப்புகின்றனர் அல்லது குறைந்த மதிப்பீடு இடுகின்றனர். விற்பதற்கு முன் எழுதிய ஒரு வரி, விற்ற பின் எழும் அப்பூசலைத் தவிர்க்கிறது. விளம்பர வாசகத்தின் மதிப்பைப் புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கையால் மட்டும் கணக்கிடுவோர் இப்பயனைக் காணத் தவறுகின்றனர்.

மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன் என்று தேனீயின் இனத்துக்கும் அடை கட்டும் இடத்துக்கும் ஏற்பத் தமிழில் பெயர்கள் உள்ளன. எடுத்தவரிடம் கேட்டாலன்றி எப்பெயர் பொருந்தும் என எழுத இயலாது. ஆகவே, மாதிரியாகத் தந்த வாசகத்தைப் படியெடுத்து எல்லாப் புட்டிகளிலும் ஒட்டுவது முதல் வாசகத்தை ஒட்டுவதைவிடத் தீங்கானது. பொதுவான புகழ்ச்சி வெறுமையானது. துல்லியமான பொய்யோ நம்பப்படும்.

வாசகத்தின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டை மீறக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை. மீறிய தேன் புளிக்கும். எந்த எழுத்தாளரும் அதைக் காப்பாற்ற இயலாது.

சாமையும் கடுக்காயும்: சொல்லக்கூடாதவை

சிறுதானியங்களுக்கான பன்னாட்டு ஆண்டாக 2023 அறிவிக்கப்பட்டபின் சாமை வாங்குவோர் பெருகினர். அவர்களுள் பலர் அதைச் சமைத்து அறியாதவர்கள். எத்தனை பங்கு நீர், ஊறவைக்க வேண்டுமா, தவிடு நீக்கியதா என்பனவே அவர்களின் வினாக்கள். தவிடு நீக்காத சாமை விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும் என்பதால் அரைவை நாளும் வேண்டும். விளம்பரங்களோ இவற்றை விட்டு நீரிழிவுக்குத் தாவிவிடுகின்றன.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அப்பட்டியலில் நீரிழிவும் உள்ளது. கடுக்காய்ப் பொடியை மருந்தாக விற்பவர் இதனை அறிந்திருக்க வேண்டும். உணவாக விற்பவரை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது: தவறான விளம்பரத்துக்கு அதன் 53ஆம் பிரிவின்படி 10 இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். சிறு மகளிர் குழு ஒன்றுக்கு அத்தொகை தொழிலையே முடித்துவிடும். எதை எழுதலாகாது என்று சொல்லி நீக்குவதும் எழுத்தாளரின் பணியே. ஊதியம் பேசும்போது இது கணக்கில் வருவதில்லை.

எழுதுவோர் யார்?

கே.பி.எம்.ஜி., கூகுள் நிறுவனங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளுள் இணைய ஏற்பு விகிதம் தமிழ் பேசுவோரிடையே மிகுதி (42 விழுக்காடு) என்றது. இந்திய மொழிப் பயனர்களுள் 68 விழுக்காட்டினர் ஆங்கிலத்தைவிடத் தம் மொழி உள்ளடக்கத்தை நம்பத்தக்கதாகக் கருதுவதாகவும் அது கூறியது. நிறுவன அறிக்கைக்குரிய ஐயத்தோடு இதனை ஏற்றாலும், தமிழில் முதலிலேயே எழுதப்பட்ட வணிக வாசகத்துக்குத் தேவை உள்ளது என்பது தெளிவு.

ஒரு தேன் சேகரிப்பாளரால் எழுத்தாளரைத் தனியே அமர்த்த இயலாது. ஆனால் பொருள்கள் சில, பக்கங்களும் சில. உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுக்களின் கூட்டமைப்போ பருவத்துக்கு ஒரு முறை ஊதியம் தந்து எழுதச் செய்யலாம். பழங்குடியினர் பொருள்களைச் சந்தைப்படுத்த 1987இல் நிறுவப்பட்ட டிரைபெட் போன்ற அமைப்புகளின் வழி விற்கும்போதும், மூல வாசகம் மலையிலிருந்தே செல்வது நன்று. இடையில் நிற்பவர் எழுதும்போது முதலில் உதிர்வது ஊர்ப்பெயர்தான்.

தமிழ்த்துறைகளின் பாடத்திட்டங்களில் விளம்பரம் இதழியல் தாளின் ஓர் அலகாகப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மாணவர் எழுதுவதும் சோப்புக்கோ பற்பசைக்கோ ஒரு முழக்கத்தொடர். அதற்கு மாறாக, கள்ளக்குறிச்சி, சேலம் வட்டாரக் கல்லூரி மாணவர் ஒருவர் வெள்ளிமலை சென்று தேனெடுத்தவரிடம் எப்பாறை, எம்மாதம், எவ்வளவு, எதில் வடித்தது எனக் கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக்காட்டி ஒப்புதல் பெற்றால், அது களஆய்வாகவும் வணிக வாசகமாகவும் அமையும். அவ்வாறு எழுதிய பக்கமும் நெடுநாள் நிலைக்காது. அடுத்த ஆண்டு மழை முந்தினாலோ பிந்தினாலோ தேனின் நிறமும் அளவும் மாறும். பழைய பக்கத்தைத் திருத்த மீண்டும் ஒருவர் மலையேறிக் கேட்க வேண்டியிருக்கும்.